பிரெப் மாத்திரை: முதல் சீட்டு எழுதுவதிலிருந்து மூன்று மாதச் சுற்று வரை

இதை எழுதக் காரணம், என்னோடு கிளினிக்கில் வந்து உட்கார்ந்த ஜூனியர் டாக்டர்களும் ஆலோசகர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரையின் பெயரும் அளவும் அவர்களுக்கு மனப்பாடம். எதை முதலில் செய்வது, எதற்காகக் காத்திருப்பது, எதற்காகக் காத்திருக்கவே கூடாது என்பதில்தான் குழம்புகிறார்கள். நெகட்டிவ் டெஸ்ட் கையில் இல்லாமல் ஒரு டப்பாவும் வெளியே போகக் கூடாது, இது முதல் டப்பாவுக்கும் பொருந்தும், பத்தாவது டப்பாவுக்கும் பொருந்தும். கீழே வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

வாய்வழி மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கேபோடெக்ராவிர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபாவிர் ஊசிகளின் முறை வேறு.

1. முதல் ஆள் வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

பக்கத்தில் ஒரு லேப் வேண்டும், அது நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. டெஸ்ட் செய்து அன்றைக்கே ரிசல்ட் தர வேண்டும். லேப் பில்லில் பெரும்பாலும் ‘எச்.ஐ.வி. கோம்போ’ என்று இருக்கும். ‘ஆன்டிபாடி’ (வைரஸுக்கு எதிராக உடம்பு உருவாக்கும் பொருள்) என்று மட்டும் இருந்தால் அது பழைய வகை. புதிய தொற்றைக் கண்டுபிடிக்க அதற்கு இன்னும் அதிக நாள் பிடிக்கும் என்பதால் இந்த வித்தியாசத்தை லேப்காரரிடம் ஒருமுறை நேரில் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

காசு இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் டெஸ்ட் இலவசம். பக்கத்து நம்பிக்கை மையத்தின் நேரம், அங்கே இருக்கும் ஆலோசகரின் பெயர், பக்கத்து ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான மருந்துச் சிகிச்சை) மையத்துக்கு எந்த நாளில் புதியவர்களை அனுப்பலாம் என்பது, இவை மூன்றும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கட்டும். தேவைப்படும் நாளில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இரவில் பதறுபவர்களுக்குச் சொல்ல 1097 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது.

கடைசியாக ஒரு காலண்டர். செல்போனோ நோட்டோ எதுவாகவும் இருக்கலாம், ஆனால் யாருக்கு எந்தத் தேதியில் டெஸ்ட் என்பது உங்களிடம் இருக்க வேண்டும். அவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்று விட்டால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

2. கதவைச் சாத்திவிட்டு, தேவைக்கு மட்டும் கேளுங்கள்

வேளச்சேரியில் இருப்பவர் மூன்று கிளினிக்கைத் தாண்டிக் கீழ்ப்பாக்கம் வருகிறார் என்றால், வீட்டுப் பக்கம் யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் வருகிறார். கம்பவுண்டர் ஹாலில் நின்று “பிரெப் கேஸ் யாரு?” என்று கூப்பிட்டால் அதோடு அவரை இழந்துவிட்டோம்.

கேட்க வேண்டியது கொஞ்சம்தான். கடைசியாக ஆணுறை இல்லாமல் உறவு எப்போது, எந்த வகை உறவு, துணைவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா, இருந்தால் ஏ.ஆர்.டி. எடுக்கிறாரா, ஊசி பகிர்ந்துகொண்டது உண்டா, கடந்த ஆறு மாதத்தில் பால்வினை நோய் எதற்காவது சிகிச்சை எடுத்தாரா. இவற்றுக்கான பதில்தான் டெஸ்ட்டையும் மாத்திரை சாப்பிடும் முறையையும் முடிவு செய்யும். “கல்யாணம் ஆகிவிட்டதா” என்ற கேள்வி எதையும் முடிவு செய்யாது, அதை விட்டுவிடுங்கள்.

ஆபத்து எதையும் சொல்லாமல் ஒருவர் “எனக்கு பிரெப் வேணும் டாக்டர்” என்று மட்டும் கேட்டால்? கொடுங்கள். கேட்டு வந்ததே காரணம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கொட்ட யாருக்கும் மனசு வராது, மூன்றாவது முறை வரும்போது அவரே சொல்வார்.

துணைவருக்குத் தொற்று இருந்து, அவர் ஒழுங்காக ஏ.ஆர்.டி. எடுத்து, வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் தொடர்ந்து இருந்தால், உறவின் மூலம் தொற்று பரவுவதில்லை. அந்தத் தம்பதிக்கு பிரெப் கட்டாயமில்லை. ஏ.ஆர்.டி. இப்போதுதான் தொடங்கியிருக்கிறார் என்றால், வைரஸ் அடங்கும் வரை முதல் ஆறு மாதத்துக்கு பிரெப் ஒரு நல்ல பாலம்.

3. கடைசி 72 மணி நேரத்தைத் தனியாகக் கேளுங்கள்

பிரெப், பெப் என்று இரண்டு பெயரும் காதில் ஒன்றுபோல விழுவதால் வருபவர்களே மாற்றிச் சொல்கிறார்கள். பிரெப் முன்கூட்டியே எடுப்பது, இரண்டு மருந்து சேர்ந்தது. பெப் என்பது ஆபத்து நடந்த பிறகு 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுப்பது, மூன்று மருந்து சேர்ந்தது.

ஞாயிறு இரவு ஆணுறை கிழிந்தது என்று செவ்வாய்க்கிழமை வருகிறவருக்கு பிரெப் சீட்டு எழுதினால் அது தவறான மருந்து, இரண்டு மருந்து போதாது. அவருக்கு அன்றே பெப் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28-ம் நாள் டெஸ்ட் செய்து, நெகட்டிவ் என்றால் நடுவில் ஒரு நாளும் விடாமல் 29-ம் நாளே பிரெப்புக்கு மாற்றிவிடலாம். “பெப் முடிந்தது, ஒரு மாதம் கழித்து வாங்க” என்று அனுப்புவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அந்த ஒரு மாதம் அவர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருப்பார், செய்யாதீர்கள்.

4. எச்.ஐ.வி. டெஸ்ட்: நெகட்டிவ் என்றால் எந்த அளவுக்கு நெகட்டிவ்

முதலில் சம்மதம் கேளுங்கள். 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி, விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் இந்த டெஸ்ட் செய்யக் கூடாது, ரிசல்ட்டும் ரகசியம்.

நான்காம் தலைமுறை லேப் டெஸ்ட் புதிய தொற்றைக் காட்ட 18 முதல் 45 நாள் வரை ஆகலாம். போன வாரம் தொற்றியிருந்தால் இன்று நெகட்டிவ்தான் வரும். இதைத் தெரிந்துகொண்ட ஜூனியர்கள் அடுத்த தவறைச் செய்கிறார்கள்: “45 நாள் உறவு வைக்காமல் இருந்துவிட்டு வாங்க, அப்புறம் தொடங்கலாம்”. ஆபத்து தொடர்ந்து இருப்பவருக்கு அந்த 45 நாள் வரவே வராது. டெஸ்ட் நெகட்டிவ், அறிகுறி எதுவும் இல்லை என்றால் அன்றைக்கே தொடங்கி, ஒரு மாதத்தில் திரும்ப டெஸ்ட் செய்யுங்கள்.

எச்.ஐ.வி. டெஸ்ட்டைப் பொறுத்தவரை காத்திருக்க வேண்டிய ஒரே ஆள், அறிகுறி உள்ளவர். கடந்த நான்கு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் சிவப்புத் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டுதல், வாய்ப்புண் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் சென்னையில் காய்ச்சல் வராத வீடு ஏது, அதனால்தான் இது நழுவிவிடும். என் முன்னால் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், இருபத்து மூன்று வயதிருக்கும், மார்பு முழுக்க லேசான தடிப்பு. வேறு இடத்தில் டெங்கு பார்த்து நெகட்டிவ், விரல் நுனியில் குத்தி எடுத்த எச்.ஐ.வி. டெஸ்ட்டும் நெகட்டிவ். என் ஜூனியர் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடும் நிலைக்கு வந்துவிட்டார். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு டெஸ்ட்டுக்கு அனுப்பினோம், லட்சக்கணக்கில் வந்தது. அன்று பிரெப் தொடங்கியிருந்தால், மூன்று மருந்து தேவைப்படும் உடம்பில் இரண்டு மருந்தை மட்டும் விட்டு, வைரஸ் அந்த மருந்துகளுக்கே பழகிப்போக நாமே வழி செய்து கொடுத்திருப்போம்.

அறிகுறி இருந்தால் வைரல் லோடு. அதற்கு வசதி இல்லையென்றால் நான்கு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட், அதுவரை ஆணுறை. பிரெப் அதற்குப் பிறகுதான்.

5. கிரியாட்டினின்: ரிப்போர்ட்டில் உள்ள ‘நார்மல்’ என்ற வார்த்தையை நம்பாதீர்கள்

பிரெப்பில் உள்ள இரண்டு மருந்தில் ஒன்றான டெனோஃபோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. அதனால் பார்க்க வேண்டியது ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவின் எண்ணை அல்ல, அதிலிருந்து கணக்கிடும் கிளியரன்ஸை, அதாவது சிறுநீரகம் அதை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்பதை. 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஐக் கிரியாட்டினினால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 மில்லிக்குக் குறைந்தால் இந்த மாத்திரை வேண்டாம்.

34 வயது, 62 கிலோ, கிரியாட்டினின் 1.0 உள்ள ஆணுக்கு 91 வரும். தொடங்கலாம். 52 வயது, 54 கிலோ, கிரியாட்டினின் 1.2 உள்ள ஆணுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 55 வரும். பல லேப்கள் 1.2-ஐ நார்மல் என்றுதான் அச்சடிக்கும். ஒல்லியான, ஐம்பதைத் தாண்டியவர்களிடம்தான் இந்தத் தவறு நடக்கிறது.

முப்பது வயதுக்குள், சர்க்கரை, பி.பி. எதுவும் இல்லாதவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு அன்றே மாத்திரை கொடுத்து அனுப்பலாம், ரிசல்ட் மோசமாக வந்தால் போன் செய்து நிறுத்தச் சொல்லலாம். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர் என்றால் ரிசல்ட் வரும் வரை பொறுங்கள்.

ஜிம்முக்குப் போகிறவர்களிடம் கிரியாட்டின் பவுடர் எடுக்கிறாரா என்று கேளுங்கள், அது சிறுநீரகத்துக்கு எதுவும் ஆகாமலே எண்ணை ஏற்றிக் காட்டும். பெப் இப்போதுதான் முடித்தவர் என்றால் அதிலிருந்த டோலுடெக்ராவிரும் எண்ணைக் கொஞ்சம் ஏற்றும். மூட்டு வலி, முதுகு வலி என்று தினமும் டைக்ளோஃபெனாக் விழுங்குபவர், லேகியம், பற்பம் எடுப்பவர் எல்லாரையும் விசாரியுங்கள். எண் ஏறியிருந்தால் பவுடரை நிறுத்தி, தண்ணீர் நன்றாகக் குடிக்கச் சொல்லி, வேறொரு நாள் மறுபடி பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

6. ஹெபடைடிஸ் பி: தடை அல்ல, தெரிந்திருக்க வேண்டிய விஷயம்

பிரெப்பில் உள்ள இரண்டு மருந்தும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்கும். அதனால் ‘பி பாசிட்டிவ், பிரெப் கிடையாது’ என்று திருப்பி அனுப்புவது தவறு. சிக்கல் நிறுத்தும்போதுதான். திடீரென்று விட்டால் அடங்கிக் கிடந்த வைரஸ் கிளம்பி, கல்லீரல் வீங்கிப்போகலாம். இவர் தானாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கல்லீரல் டெஸ்ட்டோடு கண்காணிக்க வேண்டும், விட்டுவிட்டு எடுக்கும் முறையும் இவருக்குக் கிடையாது. இதை முதல் நாளே சொல்லி, சீட்டிலும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

நெகட்டிவாக இருந்து தடுப்பூசியும் போடாதவருக்கு அன்றே முதல் ஊசி, பிறகு 1-ம் மாதம், 6-ம் மாதம்.

7. சீட்டு: மருந்துக் கடையில் நடப்பதையும் சேர்த்து யோசியுங்கள்

டெனோஃபோவிர் டைசோபிராக்சில் 300 மி.கி., எம்ட்ரிசிட்டபின் 200 மி.கி. இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. முதல் சீட்டில் 30 மாத்திரை மட்டும். ஒரு மாதத்தில் டெஸ்ட்டுக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அளவு, “தூரத்திலிருந்து வருகிறேன், மூன்று டப்பா எழுதுங்க” என்று கேட்டாலும் முதல் முறை கொடுக்காதீர்கள்.

டெனோஃபோவிர் மட்டும் உள்ள மாத்திரையும் சந்தையில் இருக்கிறது. பிராண்டு பெயர் ஒன்றேதான், வாலில் ஓரிரு எழுத்து மட்டும் மாறும். சீட்டில் பிராண்டை மட்டும் கிறுக்கியதால் ஒருவர் ஆறு வாரம் ஒற்றை மருந்து சாப்பிட்டு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. இரண்டு மருந்தின் பெயரையும் அளவையும் தெளிவாக எழுதுங்கள், வாங்கியதும் டப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கூட்டம் நிற்கும் கடையில் “எச்.ஐ.வி. மாத்திரையா?” என்று உரக்கக் கேட்டதால் வாங்காமலே திரும்பியவர்கள் உண்டு. நீங்களே இரண்டு மூன்று கடைகளில் பேசி வைத்து, எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். இன்று பெரும்பாலோர் சொந்தக் காசில்தான் வாங்குகிறார்கள், விலையையும் முன்பே விசாரித்துச் சொல்லிவிடுங்கள்.

8. எப்படிச் சாப்பிடுவது, எப்போதிலிருந்து காக்கும்

சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, எப்படியும் சாப்பிடலாம். நிமிடக் கணக்குத் தேவையில்லை. ஓ.எம்.ஆர். பக்கம் ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்க்கிறவரிடம் இரவு ஒன்பது மணி என்று சொன்னால் ஒரு வாரத்தில் குழம்பிவிடும். பல் தேய்ப்பது மாதிரி தூங்கி எழுந்ததும் கட்டாயம் செய்யும் ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்துவிடச் சொல்லுங்கள். மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வந்தபோது போட்டுக்கொள்ளலாம், மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

டப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்று இருக்கும், அதைத் தூக்கிப் போடுபவர்கள் நிறைய. வீட்டில் பார்த்துவிடுவார்கள் என்று மாத்திரையை டிஷ்யூவில் மடித்து பர்ஸில் வைப்பவர்களும் உண்டு. நம்ம ஊர் புழுக்கத்தில் மாத்திரை நமுத்துப்போகும். டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, பொட்டலத்தோடு அதே டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். மாமியாரோடு இருக்கும் பெண்களுக்கு இந்த ஒரு யோசனைதான் தொடர்வதற்கும் விடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆசனவாய் வழி உறவுக்கு ஏழு நாள் தினமும் சாப்பிட்டால் பாதுகாப்பு வந்துவிடும். பெண்ணுறுப்பு வழி உறவுக்கு உலக சுகாதார நிறுவனம் ஏழு நாள் என்கிறது, அமெரிக்க வழிகாட்டுதல் 21 நாள் என்கிறது. நான் 21 என்றே சொல்கிறேன், அதுவரை ஆணுறை.

உறவை ஒட்டி மட்டும் எடுக்கும் இரண்டு-ஒன்று-ஒன்று முறையும் இருக்கிறது. பிறப்பால் ஆணாக இருந்து, பெண்மை ஹார்மோன் எடுக்காதவர்களுக்கு மட்டும், ஹெபடைடிஸ் பி இருக்கக் கூடாது. சனி இரவு பத்து மணிக்குச் சந்திப்பு என்றால் சனி மாலை ஆறு மணிக்கு இரண்டு மாத்திரை, ஞாயிறு மாலை ஆறுக்கு ஒன்று, திங்கள் மாலை ஆறுக்கு ஒன்று. முதல் இரண்டு மாத்திரை உறவுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு, அதிகபட்சம் 24 மணி நேரம் முன்பு உள்ளே போயிருக்க வேண்டும். ஞாயிறு இரவும் உறவு தொடர்ந்தால், கடைசி உறவுக்குப் பிறகு இரண்டு நாள் வரை தினம் ஒன்று. வெறும் வாயால் சொன்னால் நிற்காது, அவர் கையாலேயே காகிதத்தில் கிழமை போட்டு எழுத வையுங்கள்.

பெண்களுக்கும், ஹார்மோன் எடுக்கும் திருநங்கையருக்கும் தினசரி முறை மட்டும்தான். திருநங்கையர் பலர் மாத்திரை ஹார்மோனைக் குறைத்துவிடும் என்று பயந்து வெளியே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் கேட்கும் முன்பே, “அக்கா, இது ஹார்மோனைக் குறைக்காது” என்று நாமே சொல்லிவிட வேண்டும். கருத்தடை மாத்திரைக்கும் இதனால் பாதிப்பில்லை, கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் தொடரலாம்.

9. முதல் மாதம்

சிலருக்குக் குமட்டல், தலைவலி, வயிற்றுப் பொருமல் வரும், பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், மூன்றாம் நாளே மாத்திரை நின்றுவிடும். ராத்திரி தயிர்சாதத்துக்குப் பின் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு போன், இரண்டு நிமிடம் போதும்.

30-வது நாள் எச்.ஐ.வி. டெஸ்ட். “ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “போன ஏழு நாளில் எத்தனை விட்டுப்போச்சு?” என்று கேளுங்கள், டப்பாவில் மீதியை எண்ணுங்கள். விட்டதற்குத் திட்டாதீர்கள், அடுத்த முறை பொய்தான் வரும். நெகட்டிவ் என்றால் 90 மாத்திரை.

10. மூன்று மாதச் சுற்று

ஒவ்வொரு மூன்று மாதமும் எச்.ஐ.வி. டெஸ்ட், அதன் பிறகே அடுத்த மூன்று டப்பா. “டெஸ்ட் அடுத்த வாரம் பண்றேன், மாத்திரை மட்டும் கொடுங்க” என்பது தவறாமல் வரும். டெஸ்ட் அன்றே முடியும்படி லேப்பை ஏற்பாடு செய்து வைக்கச் சொன்னது இதற்குத்தான். மாத்திரையையும் மறுக்காமல், டெஸ்ட்டையும் விடாமல், ஒரு மணி நேரத்தில் இரண்டையும் முடித்து அனுப்பலாம்.

அதே ஊசிக் குத்தில் சிபிலிஸுக்கும் ரத்தம் எடுங்கள். பிரெப் எச்.ஐ.வி.யை மட்டும்தான் தடுக்கும். கொனோரியா, கிளமிடியா பார்க்கும்போது உறவின் வகையைப் பொறுத்துத் தொண்டையிலும் ஆசனவாயிலும் மாதிரி எடுக்க வேண்டும், சிறுநீரை மட்டும் அனுப்பினால் பாதி நழுவிப்போகும். தனியார் லேப்பில் இந்த டெஸ்ட்டுக்குச் செலவு அதிகம், முடியாதவர்களை அரசு மருத்துவமனைகளில் உள்ள சுரக்ஷா கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

கிரியாட்டினின், ஐம்பது வயதுக்குக் கீழ், கிளியரன்ஸ் 90-க்கு மேல் என்றால் வருடம் ஒருமுறை போதும். மற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

11. நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதும்

வாழ்க்கை மாறும், ஆபத்து குறையும், நிறுத்தலாம். ஹார்மோன் எடுக்காத ஆண்கள் கடைசி உறவுக்குப் பிறகு இரண்டு நாள் சாப்பிட்டு நிறுத்தலாம், மற்றவர்கள் ஏழு நாள். நிறுத்தும் நாளிலும் ஒரு டெஸ்ட். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு மேலே சொன்ன எச்சரிக்கை.

திரும்பி வருகிறவருக்கு மீதி டப்பா வீட்டில் இருந்தாலும், டெஸ்ட் இல்லாமல் தொடங்கக் கூடாது. நான் பார்த்தவரை ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து, பீரோவில் கிடந்த பழைய டப்பாவை எடுத்துத் தொடங்குவதுதான் அதிகம் நடக்கிறது. நிறுத்தும் நாளிலேயே இதைச் சொல்லி அனுப்புங்கள்.

12. டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால்

அரிதுதான், பெரும்பாலும் மாத்திரை விட்டுப்போன இடைவெளியில் நடப்பது. அன்றே பிரெப்பை மட்டும் தனியாகத் தொடர்வதை நிறுத்தி, உறுதிசெய்யும் டெஸ்ட்டுகளுக்கு நம்பிக்கை மையத்துக்கும், அங்கிருந்து ஏ.ஆர்.டி. மையத்துக்கும் அனுப்ப வேண்டும். ரிசல்ட் தெளிவில்லாமல் வந்தால், ஒன்று பாசிட்டிவ் ஒன்று நெகட்டிவ் என்றால், வைரல் லோடு அனுப்புங்கள். பிரெப் எடுப்பவர் உடம்பில் ஆன்டிபாடி மெதுவாக உருவாகலாம் என்பதால் இப்படி நடக்கும்.

தாளைக் கையில் கொடுத்து “தாம்பரம் போங்க” என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று பெயரோடு எழுதிக் கொடுங்கள். அவர் எத்தனை நாள் பிரெப் சாப்பிட்டார், எப்போது விட்டார் என்பதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள், அங்குள்ள டாக்டருக்கு மருந்து தேர்வு செய்ய அது வேண்டும். மறுநாள் காலை போன் செய்து, போனாரா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் அன்றைக்கே கூட ஒரு ஆளை அனுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள்.